கதவு சாத்திய அறையில் நான்கு மாதக் குழந்தை

கேள்வி: எனக்கு 27 வயது. திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் வசிக்கிறேன். தாய்மாமன் மகனைத்தான் மணந்திருக்கிறேன். மூத்தவள் பெண், 6 வயது. இரண்டாவது ஆண் குழந்தை பிறந்து நான்கு மாதம் ஆகிறது. முகத்தைப் பார்த்துச் சந்தேகப்பட்டு இரத்தம் எடுத்து அனுப்பினார்கள். டவுன் சிண்ட்ரோம் என்று வந்தது. அறிக்கையில் ‘47, எக்ஸ்ஒய், +21’ என்று போட்டிருக்கிறது. ஒரு மருத்துவர், “மங்கோல் குழந்தை, செய்வதற்கு ஒன்றுமில்லை” என்று சொல்லி அனுப்பிவிட்டார். கர்ப்பத்தின்போது எடுத்த ஸ்கேனில் எல்லாம் சரியாக இருப்பதாகவே சொன்னார்கள். பால் குடிக்கும்போது குழந்தைக்கு நெற்றி வியர்க்கிறது, கொஞ்சம் குடித்ததும் களைத்துத் தூங்கிவிடுகிறான். எடை 4 கிலோ 200 கிராம். கிரகணத்தன்று நான் வெளியே வந்ததுதான் காரணம் என்கிறார் அத்தை. யாராவது வந்தால் குழந்தையை உள்ளறையில் போட்டுக் கதவைச் சாத்தச் சொல்கிறார். இன்னும் பெயர்கூட வைக்கவில்லை. கணவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறார். வாரம் ஒருமுறை வந்தாலும் குழந்தையைத் தூக்குவதில்லை. சொந்தத்தில் கட்டியதால் இப்படி ஆனதா? இவன் நடப்பானா, பேசுவானா? மகளுக்கு நாளை வரன் அமையுமா? இன்னொரு குழந்தை பெறலாமா? இரவில் தூக்கமே வருவதில்லை.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்டிருக்கும் கேள்விகளைவிட, கேட்காமல் போகிறபோக்கில் எழுதியிருக்கும் ஒரு வரிதான் என்னை அதிகம் கவலைப்படுத்தியது. பால் குடிக்கும்போது நெற்றி வியர்ப்பதும், கொஞ்சம் குடித்ததும் களைத்து உறங்கிவிடுவதும், நான்கு மாதத்தில் எடை இவ்வளவு குறைவாக இருப்பதும் சேர்ந்து வந்தால், அதைச் சோம்பல் என்றோ ‘இந்தக் குழந்தைகள் இப்படித்தான்’ என்றோ விட்டுவிடக் கூடாது. இதயம் சிரமப்படுவதன் அறிகுறியாக அது இருக்கலாம். டவுன் சிண்ட்ரோமுடன் பிறக்கும் குழந்தைகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்குப் பிறவியிலேயே இதயத்தில் குறை இருக்கிறது. அதனால்தான், குழந்தை பார்வைக்கு எவ்வளவு நன்றாக இருந்தாலும், பிறந்த முதல் மாதத்துக்குள் எக்கோ என்னும் இதய ஸ்கேன் பரிசோதனை செய்துவிட வேண்டும் என்று வலியுறுத்துகிறோம். உங்கள் கடிதத்தில் எக்கோ என்ற சொல்லே இல்லை. இந்த வாரத்துக்குள், முடிந்தால் நாளைக்கே, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவுக்குக் கொண்டுபோய், “டவுன் சிண்ட்ரோம் குழந்தை, பால் குடித்தால் வியர்க்கிறது, இதுவரை எக்கோ எடுக்கவில்லை” என்று இதே சொற்களில் சொல்லுங்கள். அதற்குள் மூச்சு மிக வேகமாக வாங்கினாலோ, விலா எலும்புகளுக்கிடையே குழி விழுந்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, பால் குடிக்கவே மறுத்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐ அழைத்துப் புறப்பட்டுவிடுங்கள்.

ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்த்த மருத்துவர் இதயச் சத்தம் சரியாக இருப்பதாகச் சொல்லியிருந்தாலும் எக்கோவைத் தவிர்க்காதீர்கள். இந்தக் குழந்தைகளிடம் அதிகம் காணப்படுவது, இதயத்தின் நான்கு அறைகளும் சந்திக்கும் நடுப்பகுதியில் சுவர் சேராமல் நின்றுவிடும் குறை. துளை பெரிதாக இருந்தால் சில சமயம் சத்தமே கேட்காது. ஆனால் நுரையீரலுக்குள் அளவுக்கு மீறி இரத்தம் பாய்ந்துகொண்டே இருக்கும். நாளடைவில் அங்குள்ள இரத்தக் குழாய்கள் தடித்து இறுகிவிட்டால், பிறகு துளையை அடைக்கவும் முடியாத நிலை வந்துவிடும். ஆகவே, இவ்வகைக் குறைக்கு அறுவை சிகிச்சையைப் பெரும்பாலும் முதல் ஆறு மாதத்துக்குள்ளாகவே செய்துவிடுகிறார்கள். நான்கு மாதம் முடிந்துவிட்டது என்பதால்தான் அவசரப்படுத்துகிறேன். செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் குழந்தைகளின் இதய அறுவை சிகிச்சைக்கு வழி இருக்கிறது. அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வந்து குழந்தைகளைப் பரிசோதிக்கும் ஆர்.பி.எஸ்.கே. மருத்துவக் குழுவும் இத்தகைய குழந்தைகளைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பிவைக்கவே இருக்கிறது; உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் தொடர்பு கிடைக்கும். எக்கோவில் ஒன்றுமில்லை என்று வந்தால் நல்லது. அந்தப் பயம் ஒன்றாவது உங்களை விட்டு விலகும்.

மருத்துவமனைக்குப் போகும் அன்றே தைராய்டு பரிசோதனைக்கும் இரத்தம் கொடுத்துவிடுங்கள். தைராய்டு சுரப்பு குறைந்தாலும் குழந்தை மந்தமாக இருக்கும், மலம் இறுகும், வளர்ச்சி பின்தங்கும். இவையெல்லாம் டவுன் சிண்ட்ரோமாலும் நேரக்கூடியவை என்பதால், பரிசோதிக்காமல் பிரித்தறிய முடியாது. சிகிச்சையோ தினம் ஒரு சிறு மாத்திரைதான். ஆறாம் மாதத்திலும் ஒரு வயதிலும், அதன்பின் ஆண்டுக்கு ஒருமுறையும் இதைத் திரும்பப் பார்க்க வேண்டும். செவித்திறன் பரிசோதனை, ஆறு மாதத்துக்குள் கண் மருத்துவரிடம் ஒரு பரிசோதனை, அட்டவணைப்படி எல்லாத் தடுப்பூசிகளும் – இவற்றில் எதுவும் விடுபடக் கூடாது. காதுக்குள் நீர் கோத்துக்கொள்வது இவர்களுக்கு மிகச் சாதாரணம். பாதி கேட்டும் பாதி கேளாமலும் வளரும் குழந்தையை, ‘புரியாத பிள்ளை’ என்று வீடே தீர்மானித்துவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அடுத்தது உங்களைப் பற்றி. பிரசவத்துக்குப் பின் நான்கு மாதமாகத் தூக்கமில்லாமல் இருப்பது கவலையால் மட்டும் நேர்வதாக இருக்க வேண்டியதில்லை. பேறுகாலத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு ஒரு நோய், அதற்குச் சிகிச்சை உண்டு, பால் கொடுக்கும் தாய்க்கும் கொடுக்கக்கூடிய மருந்துகள் உண்டு. குழந்தையைக் காட்டப் போகும் அன்று உங்களுக்காகவும் ஒரு சீட்டு போடுங்கள். உயிரோடு இருந்து என்ன பயன் என்ற எண்ணம் ஒருமுறை எட்டிப் பார்த்தாலும், எந்த நேரமானாலும் 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணுக்கு அழைக்கலாம். தமிழில் பேசுவார்கள், கட்டணம் இல்லை.

இனி, யார் காரணம் என்ற கேள்வி. யாரும் காரணமில்லை. மனித உடலின் ஏறத்தாழ ஒவ்வொரு செல்லிலும், மரபணுக்களைத் தாங்கும் இழைகளான குரோமோசோம்கள் 46 இருக்கின்றன. அப்பாவிடமிருந்து பாதி, அம்மாவிடமிருந்து பாதி. கருமுட்டையோ விந்தணுவோ உருவாகும்போது 21-ஆம் எண் குரோமோசோம் இணை பிரியாமல் ஒட்டியபடி ஒரே பக்கம் போய்விட்டால், குழந்தைக்கு அந்த எண்ணில் இரண்டுக்குப் பதில் மூன்று அமைந்துவிடுகிறது. உங்கள் அறிக்கையில் 47 என்றும் +21 என்றும் இருப்பதற்கு இதுதான் பொருள். இது கரு உண்டாகும் முன்பே அல்லது உண்டாகும் கணத்திலேயே முடிந்துபோன நிகழ்வு. அதன்பின் நீங்கள் கிரகணத்தில் வெளியே வந்ததாலும், பப்பாளி தின்றதாலும், அதிர்ந்து நடந்ததாலும் ஒரு குரோமோசோம் கூடவும் முடியாது, குறையவும் முடியாது. தாயின் வயது ஏற ஏற இதன் வாய்ப்பு கூடுகிறது என்பது உண்மைதான். ஆனாலும் இளவயதில்தான் அதிகம் பேர் பிள்ளை பெறுகிறார்கள் என்பதால், டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளில் பெரும்பாலோர் 35 வயதுக்குட்பட்ட தாய்மாருக்கே பிறக்கிறார்கள். சொந்தத்தில் மணம் முடிப்பது வேறு சில மரபணு நோய்களின் வாய்ப்பைக் கூட்டும். ஆனால் உங்கள் மகனுக்கு நேர்ந்திருப்பது பரம்பரையில் இறங்கி வந்த நோய் அன்று; அயலில் மணந்தவர்களுக்கும் உலகின் எல்லா இனத்தாருக்கும் இதேபோல் பிறக்கிறது. உலகளவில் ஏறத்தாழ 700 முதல் 1000 பிறப்புகளுக்கு ஒன்று என்ற கணக்கு.

அந்த மருத்துவர் சொன்ன ‘மங்கோல்’ என்ற சொல்லை மறந்துவிடுங்கள். ஜான் லாங்டன் டவுன் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1866-இல் இந்தக் குழந்தைகளின் முகச்சாயலை வைத்து அப்படி ஒரு பெயரிட்டார். கூடுதல் குரோமோசோம்தான் காரணம் என்று 1959-இல் பிரான்சில் கண்டறியப்பட்டது. மங்கோலிய நாட்டின் கோரிக்கையை ஏற்று உலக சுகாதார நிறுவனம் 1965-இல் அந்தச் சொல்லையே கைவிட்டது. அறுபது ஆண்டுகளுக்கு முன்பு கைவிடப்பட்ட சொல்லோடு, ‘செய்வதற்கு ஒன்றுமில்லை’ என்ற பழைய தீர்ப்பும் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவிலேயே டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களின் சராசரி ஆயுள் 25 வயது அளவில்தான் இருந்தது. இன்று அங்கே அது 60-ஐ எட்டியிருக்கிறது. குரோமோசோமில் எந்த மாற்றமும் இல்லை. இதயத்தை உரிய காலத்தில் சரிசெய்தார்கள், தொற்றுகளுக்கு மருந்து கொடுத்தார்கள், விடுதிகளில் அடைத்துவைக்காமல் வீட்டில் வளர்த்தார்கள்.

ஸ்கேனில் தெரியவில்லையே என்ற ஆதங்கம் நியாயமானது. ஆனால் 5-ஆம் மாத ஸ்கேனில் உருவக் குறைகள்தான் தெரியும், குரோமோசோம் தெரியாது. 11 முதல் 13 வாரங்களுக்குள் எடுக்கும் ஸ்கேனும் அதோடு செய்யும் இரத்தப் பரிசோதனையும்கூட வாய்ப்பு அதிகமா குறைவா என்று மட்டுமே சொல்லும். இன்னொரு குழந்தை பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் அறிக்கையின்படி இது தனித்து நிற்கும் கூடுதல் குரோமோசோம் என்பதால், உங்கள் வயதில் மறுபடி நேரும் வாய்ப்பு நூற்றில் ஒன்று என்ற அளவிலேயே இருக்கிறது. குரோமோசோம் துண்டு இன்னொன்றோடு ஒட்டிக்கொண்ட வகையாக இருந்திருந்தால் உங்கள் இருவருக்கும் பரிசோதனை செய்யச் சொல்லியிருப்பேன். இப்போது அது தேவையில்லை. மூத்தவளுக்கும் இதனால் எந்தக் குறையும் இல்லை. நாளை வரன் பார்க்க வருபவர்கள் கேட்டால், பரம்பரை நோய் இல்லை என்று அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டே சொல்லலாம். உண்மையில், மறைத்துவைத்திருந்தார்கள் என்று பிறகு தெரியவந்தால் எழும் சந்தேகம்தான் அவளுக்குத் தீங்காக முடியும்.

உங்கள் மகன் நடப்பான். பெரும்பாலான டவுன் சிண்ட்ரோம் குழந்தைகள் நடக்கிறார்கள். பலர் இரண்டு வயதை ஒட்டி, சிலர் முன்பே, சிலர் மூன்று நான்கு வயதில். தசைகள் தளர்வாகவும் மூட்டுகள் அதிகம் வளைவனவாகவும் இருப்பதால்தான் இந்தத் தாமதம். பேச்சு நடையைவிடத் தாமதமாகும், சொற்கள் தெளிவற்று இருக்கலாம். ஆனால் இவர்கள் பேசுவதைவிட அதிகமாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பதை நினைவில் வையுங்கள். படிப்பில் எவ்வளவு தூரம் போவான் என்பதை நான்கு மாதத்தில் யாராலும் சொல்ல முடியாது. பெரும்பாலோருக்குக் கற்றல் மெதுவாகத்தான் நடக்கும், ஆயுள் முழுதும் ஏதோ ஓர் அளவுக்குத் துணை தேவைப்படும். இதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

மாவட்டந்தோறும் இருக்கும் ஆரம்பகால இடையீட்டு மையத்தில் பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி எல்லாம் இலவசமாகக் கிடைக்கும். எக்கோ முடிந்து இதய மருத்துவர் சம்மதித்ததும் அங்கே பதிவு செய்யுங்கள். ஆனால் வாரத்தில் ஒரு மணி நேரப் பயிற்சியை மட்டும் நம்பி இந்தக் குழந்தை வளர முடியாது. மீதி நேரமெல்லாம் அவன் எங்கே கிடக்கிறான் என்பதே அவனை வளர்க்கவும் செய்யும், முடக்கவும் செய்யும். இதனால்தான், உள்ளறைக் கதவைப் பற்றி நீங்கள் எழுதியதை நான் குடும்பத் தகராறாகப் பார்க்கவில்லை. மருத்துவப் பிரச்சினையாகவே பார்க்கிறேன். மற்ற குழந்தைகள் தாமாகத் தலையைத் திருப்பி, கையை நீட்டி, சத்தம் வந்த திசையைத் தேடி உலகத்தைப் பிடித்துக்கொள்வார்கள். தசை தளர்ந்த குழந்தைக்கு அந்த முதல் முயற்சியே பாரமாக இருப்பதால், உலகம்தான் அவனிடம் வர வேண்டும். இருட்டறையில் மல்லாந்து கிடந்து கூரையைப் பார்க்கும் குழந்தைக்கு அது வராது.

ஆகவே கூடத்தின் நடுவில் ஒரு பாயை விரியுங்கள். விழித்திருக்கும்போதெல்லாம், களைப்பு தெரியாத அளவுக்குச் சில நிமிடங்கள், பால் குடித்தவுடன் இல்லாமல், குப்புறப் போட்டு எதிரே நீங்களோ மகளோ படுத்து முகத்தைக் காட்டுங்கள். மல்லாந்து கிடக்கும்போது கால்கள் தவளையைப் போல் விரிந்து கிடந்தால், பழைய வேட்டியைச் சுருட்டி இரு தொடைகளுக்கும் வெளிப்புறம் அணைகொடுங்கள். பால் கொடுக்கும்போது தலையும் மார்பும் நன்கு உயர்ந்திருக்கட்டும். உங்கள் மார்பைத் தாங்கும் கையின் ஆள்காட்டி விரலாலும் கட்டைவிரலாலும் அவன் தாடையையும் கன்னத்தையும் ஏந்திக்கொண்டால், தளர்ந்த வாய் நழுவாமல் பிடித்துக்கொள்ளும். இப்போது களைத்துப்போகிறான் என்பதால், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கொஞ்சமாகக் கொடுத்து, மீதியைப் பீய்ச்சிப் பாலாடையால் நிதானமாகப் புகட்டுங்கள். படுக்கவைத்துப் புகட்டினால் புரைக்கேறும். ஆறு மாதம் முடிந்ததும், நாக்கு வெளியே தள்ளுகிறது என்பதற்காகத் திட உணவைத் தள்ளிப்போடாமல், கேழ்வரகுக் கூழும் குழைத்த சாதமும் கொடுத்துப் பழக்குங்கள். மென்று விழுங்கும் பயிற்சிதான் பின்னாளில் பேசவும் உதவும்.

உங்கள் ஊரில் குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டும் பெரியவர்கள் இருப்பார்கள். அந்தக் குளியலும் உடலைத் தடவிவிடுவதும் நல்லதே. ஆனால் கழுத்தை வளைப்பதும், காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்குவதும், கையையும் காலையும் மாற்றி இழுத்துச் சொடுக்குவதும் இவனுக்குக் கூடவே கூடாது. இவன் கழுத்து மூட்டு தளர்வானது. மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவதும் ஊதுவதும் எந்தக் குழந்தைக்கும் ஆகாது, மூக்கில் விடும் எண்ணெய் இவனுக்கு நுரையீரல் வரை போய்விடக்கூடும். சாம்பிராணிப் புகையையும் தவிருங்கள். மூளை வளர்ச்சிக்கு டானிக், ஸ்டெம் செல் ஊசி என்று யாராவது ஆயிரத்திலும் லட்சத்திலும் பேசினால், நகையை அடகு வைத்துவிடாதீர்கள். குரோமோசோமை மாற்றும் மருந்து எதுவும் இல்லை.

அத்தையைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பதில் கோபம் தெரிகிறது. அது இயல்பு. ஆனால் கதவைச் சாத்தச் சொல்பவர் வெறுப்பால் மட்டும் அப்படிச் சொல்வதில்லை. ஊர் கேட்கும் கேள்விக்குப் பதில் தெரியாத பயமும் அதில் இருக்கிறது. அவருக்கு ஒரு பதிலைக் கற்றுக்கொடுங்கள்: “பிள்ளைக்குப் பிறவியிலேயே ஒரு குரோமோசோம் கூடுதல். வைத்தியம் பார்க்கிறோம். கொஞ்சம் மெதுவாக வளருவான்.” இதற்கு மேல் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் சமையலில் இருக்கும் நேரத்தில் அவர் மடியில் குழந்தையைக் கொடுத்து, “அத்தை, இவனுக்குப் பேச்சு வர வேண்டுமானால் யாராவது முகத்தைப் பார்த்துப் பாடிக்கொண்டே இருக்க வேண்டுமாம்” என்று கேளுங்கள். எனக்குத் தெரிந்த வீடுகளில், தாலாட்டும் கைவீசும் விளையாட்டுமாக இந்தக் குழந்தைகளுக்கு அதிகம் கற்றுக்கொடுத்தவர்கள் பெரும்பாலும் பாட்டிமார்தான்.

கணவரிடம் உட்கார்ந்து பேசித் தீர்க்க முயல வேண்டாம். எக்கோவுக்கு அவரை ஒரு நாள் விடுப்பு எடுத்து வரச் சொல்லி, அன்று குழந்தையை அவர் கையில் கொடுங்கள். திரையில் துடிக்கும் இதயத்தை அவரும் பார்க்கட்டும், மருத்துவரிடம் அவரே கேட்கட்டும். காப்பீட்டு அட்டை, வருமானச் சான்று, பின்னர் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அடையாள அட்டைக்கு விண்ணப்பிப்பது ஆகியவற்றை அவர் பொறுப்பில் விடுங்கள். சொல்லால் வெளிப்படுத்தத் தெரியாத ஆண்கள் பலர் இப்படி ஏதாவது ஒரு வேலையைப் பிடித்துக்கொண்டுதான் குழந்தையிடம் வந்து சேர்கிறார்கள். அந்த அட்டையால் அரசின் உதவித்தொகைகளுக்கும், மத்திய அரசின் நேஷனல் டிரஸ்ட் நடத்தும் ‘நிராமயா’ மருத்துவக் காப்பீட்டுக்கும் விண்ணப்பிக்க முடியும். அவன் பள்ளி வயதை எட்டும்போது, 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, மற்ற குழந்தைகளோடு சேர்ந்து படிக்கும் உரிமை அவனுக்கு உண்டு. அருகிலுள்ள அங்கன்வாடிக்கு மூன்று வயதிலேயே அனுப்பத் திட்டமிடுங்கள். சென்னைப் பக்கம் வர நேர்ந்தால், டவுன் சிண்ட்ரோம் ஃபெடரேஷன் ஆஃப் இந்தியா அமைப்பின் மூலம் இதே வழியில் உங்களுக்கு முன்னே நடந்த பெற்றோரைச் சந்திக்கலாம்.

மகளிடம் உண்மையைச் சொல்லுங்கள். ஆறு வயதுக்குப் புரியும். “தம்பிக்கு உடம்பில் பலம் கொஞ்சம் குறைச்சல், எல்லாம் மெதுவாகக் கற்றுக்கொள்வான், உன்னால் அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை, அது உனக்கு ஒட்டிக்கொள்ளவும் செய்யாது” என்றால் போதும். அவளை இன்னொரு தாயாக்கிவிடாமல் அக்காவாக மட்டும் விளையாட விடுங்கள். தினமும் கால் மணி நேரமாவது அவளோடு தனியாக இருங்கள்.

கடைசியாக, பெயர். பிறப்பைப் பதிவு செய்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் குழந்தையின் பெயரைக் கட்டணமின்றிப் பதிந்துகொள்ளலாம். சான்றிதழில் பெயர் இருந்தால்தான் ஆதாரும் மற்ற அட்டைகளும் சிக்கலின்றிக் கிடைக்கும். விழா பெரிதாக வேண்டாம். மூத்தவளுக்குக் கட்டிய அதே தொட்டிலைக் கூடத்தில் கட்டி, அத்தையையே அவன் காதில் மூன்று முறை பெயரைச் சொல்லச் சொல்லுங்கள். எக்கோ முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள். அந்தக் கடிதத்தில் அவனைப் பெயர் சொல்லி எழுதுங்கள்.